யார் கேட்க வருகிறார்கள்? சிறு வணிகர் தமக்கேற்ற வணிகக் கண்காட்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கேம்பல் லேன் வழியாக நடந்து சென்றவர்களுக்கு அந்தக் காட்சி நன்கு தெரியும். இருபுறமும் நெருங்கிய கடைகள், தோரணங்கள், அகல் விளக்குகள், பலகாரப் பெட்டிகள், மலர்ச் சரங்கள், விலை கேட்போர், பேரம் பேசுவோர். அந்த நெருக்கத்தில் ஒரு சிறு கடையை வாடகைக்குப் பிடித்தவருக்கு அன்றன்றைக்கே விடை கிடைத்துவிடும். இரவு கடையை மூடும்போது பெட்டியில் பணம் இருக்கிறதா, இல்லையா என்பதே அந்த விடை.

அங்கிருந்து சில நிமிட நடையில் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையம். டௌன்டவுன் வழித்தட ரயிலில் ஏறினால் வண்டி மாறாமலேயே எக்ஸ்போ நிலையத்தில் இறங்கலாம். 2017 முதல் இந்த வசதி உண்டு. அங்கே நிற்பது 1999இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் எக்ஸ்போ. அதன் 10 மண்டபங்களிலும் கடைகள் வரிசையாக அமைக்கப்படுகின்றன, பொருள்கள் அடுக்கப்படுகின்றன, வருவோரும் போவோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் உணவுத்துறைக்கான ஒரு வணிகக் கண்காட்சி நடக்கும் நாளில் அங்கே சென்று, ஒரு பொட்டலம் மசாலைத் தூள் வாங்கிவரலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அங்கே கடை போட்டவர் பொட்டலம் விற்க வரவில்லை. ஆண்டு முழுவதும் மூட்டை மூட்டையாக வாங்கக்கூடிய ஒருவரைத் தேடி வந்திருக்கிறார்.

ஒரே ரயில் இணைக்கும் இந்த இரண்டு இடங்களையும் நாம் பேச்சு வழக்கில் ‘கண்காட்சி’ என்றோ ‘சந்தை’ என்றோ ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அந்தச் சொல் மயக்கத்துக்கு வணிகர் சில வேளைகளில் பெரிய விலை கொடுக்க நேர்கிறது. தம் சேமிப்பைச் செலவழித்துத் தவறான மண்டபத்தில் மூன்று நாள் நின்றுவிட்டு, ‘கண்காட்சியால் பயனில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒரு கண்காட்சியைத் தேர்வது என்பது, நம் பேச்சைக் கேட்கவேண்டியவர் யார் என்று தேர்வதே. கேட்பவரை முதலில் முடிவு செய்துவிட்டால் மண்டபத்தை முடிவு செய்வது எளிது. இக்கட்டுரை இந்த ஒரு கருத்தையே விளக்க முற்படுகிறது.

மூன்று சொற்கள், மூன்று நோக்கங்கள்

சந்தை என்பது பொருளும் பணமும் அந்த இடத்திலேயே கைமாறும் இடம். பயன்படுத்துபவரே வாங்குபவர். மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் நாளங்காடி, அல்லங்காடி என்று பெயரிட்டுச் சொல்லும் பகற்கடைகளும் இரவுக்கடைகளும் இவ்வகையின. நம் தீபாவளிச் சந்தையும் அதன் வழிவந்ததே.

பொருட்காட்சி என்பது பார்ப்பதற்கும் வியப்பதற்கும் உரிய இடம். 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகை எழுப்பி நடத்தப்பட்ட மாபெரும் பொருட்காட்சி உலகெங்கும் இதற்கு முன்மாதிரியாயிற்று. சிங்கப்பூரில் 1922ஆம் ஆண்டு, வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி, தெலுக் ஆயரில் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் மலாயா–போர்னியோ பொருட்காட்சி நடைபெற்றது. ஒரு நாட்டின் வளத்தையும் தொழிலையும் மக்கள் முன்னும் விருந்தினர் முன்னும் விரித்துக் காட்டுவது இத்தகைய நிகழ்வுகளின் நோக்கம். சென்னைத் தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் சுற்றுலாத் தொழிற் பொருட்காட்சியைப் பார்த்தவர்களுக்கும் இவ்வகை பழக்கமானதே.

வணிகக் கண்காட்சி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே வருபவர் தமக்காக வாங்குபவர் அல்லர். ஒரு கடைக்காக, உணவகத்துக்காக, மருத்துவமனைக்காக, தொழிற்சாலைக்காக வாங்கும் பொறுப்பில் இருப்பவர். இங்கே காட்டப்படுவது சரக்கு அன்று, மாதிரி. இம்மாற்றத்தின் வரலாற்றை ஜெர்மனியின் லைப்சிக் நகரம் தெளிவாகக் காட்டுகிறது. இடைக்காலம் தொட்டு அங்கே பெருஞ்சந்தை கூடியது. 1497லும் 1507லும் பேரரசர் மாக்சிமிலியன் அதற்குச் சிறப்புரிமைகள் வழங்கினார். வணிகர்கள் வண்டி வண்டியாகச் சரக்கைக் கொண்டுவந்து விற்றுச் செல்வதே நெடுநாள் வழக்கம். தொழிற்சாலைகள் பெருகி, ஆயிரம் பொருள்களை ஒன்றுபோலவே செய்ய முடிந்தபோது, முழுச் சரக்கையும் சுமந்து வரவேண்டிய தேவை மறைந்தது. ஒரு மாதிரியைக் காட்டி ஆணை பெறலாம். சரக்கை ரயிலில் பின்னர் அனுப்பலாம். 1895இல் லைப்சிக் தன் சந்தையை மாதிரிக் கண்காட்சியாகவே மாற்றி அமைத்தது. இன்றைய வணிகக் கண்காட்சிகள் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்.

மாதிரியைக் காட்டி ஆணை பெறுவது என்றால், நாம் காட்டுவது பொருளை மட்டுமன்று, ஒரு வாக்குறுதியையும் சேர்த்துத்தான். ‘இதே தரத்தில், இந்த விலையில், இத்தனை அளவை, இந்த நாளுக்குள் தருவேன்’ என்பதே அவ்வாக்குறுதி. அதைக் காப்பாற்ற இயலாத நிலையில் இருப்பவர் எவ்வளவு சிறந்த கண்காட்சிக்குச் சென்றாலும் பயன் பெறமாட்டார்.

நூலுலகம் தரும் தெளிவு

ஆசிரியர்களும் மாணவர்களும் நன்கறிந்த புத்தகத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாக்கும். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. வாசகர் வருகிறார்; நூலைப் புரட்டுகிறார்; வாங்கிச் செல்கிறார். பதிப்பாளர் எதிரே நிற்பவர் வாசகர். 2023ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. அங்கே முதன்மையாகப் பேசப்படுவது நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமை. பதிப்பாளர் எதிரே அமர்ந்திருப்பவர் வேறொரு நாட்டின், வேறொரு மொழியின் பதிப்பாளர். ஒரே நகரம், ஒரே துறை; ஆனால் கேட்பவர் வேறு. ஆகவே எடுத்துச் செல்லவேண்டியதும் வேறு. முதலாவதற்கு நூல்கட்டுகள் வேண்டும். இரண்டாவதற்கு நூலின் சுருக்கமும் சில பக்கங்களின் மொழிபெயர்ப்பும் உரிமை யாரிடம் உள்ளது என்ற தெளிவும் வேண்டும்.

இரண்டையும் ஒரே இடத்தில் நாள் பிரித்து நடத்துவோரும் உண்டு. பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் தொடக்க நாள்கள் தொழில்துறையினருக்கு. இறுதி நாள்கள் பொதுமக்களுக்கும் உரியவை. 2008 முதல் சாங்கி கண்காட்சி நிலையத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் சிங்கப்பூர் விமானக் காட்சியிலும் வணிக நாள்களைத் தொடர்ந்து பொதுமக்கள் நாள்கள் வருவதே பெரும்பாலான வழக்கம். இத்தகைய கண்காட்சிகளில் ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்ற எண்ணைப் பார்க்கும்போது, ‘எந்த நாளில், எவ்வகையினர்’ என்றும் கேட்டாக வேண்டும்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வரிசைப்படுத்திச் சொல்வதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். வாதத்துக்கு அழைக்கும் ஆசிரியர்களின் கொடி, துறைமுகத்தில் நின்ற மரக்கலங்களின் கொடி, கள் விற்கும் இல்லத்தின் கொடி எனப் பலவகைக் கொடிகள் அந்நகரில் ஒருங்கே பறந்தன. கொடியைப் படித்தறிந்தவன் தனக்குரிய வாயிலுக்குச் சென்றான். இன்றைய கண்காட்சிக்கும் அத்தகைய கொடிகள் உண்டு. அவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்பதை ஒரு சிறு கடையின் நிலையில் நின்று பார்ப்போம்.

ஒரு மசாலைக் கடை, நான்கு கேட்போர்

சிராங்கூன் சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் மசாலைத் தூள் அரைத்து விற்கும் குடும்பக் கடை இருப்பதாகக் கொள்வோம். தந்தைக்குப் பின் மகள் பொறுப்பேற்கிறார். மீன் குழம்புத் தூள், இறைச்சி மசாலை, ரசப்பொடி ஆகியவை அவர் சரக்கு. தேக்கா நிலையத்துக்கு வரும் பழைய வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள். கடையைக் காப்பாற்ற வேண்டுமானால் புதிய வாங்குவோரைத் தேட வேண்டும். யாரோ ஒருவர் ‘கண்காட்சியில் கடை போடுங்கள்’ என்கிறார். எந்தக் கண்காட்சி?

அவர் தூளை வாங்கக்கூடியோர் நால்வகையினர். முதலாமவர் வீட்டில் சமைப்பவர். அவரைச் சந்திக்கத் தீபாவளிச் சந்தையும் பொதுமக்களுக்கான உணவு விற்பனைக் கண்காட்சியும் போதும். இரண்டாமவர் உணவகம், ஹோட்டல், விருந்து சமையல் நிறுவனம் ஆகியவற்றுக்காக வாங்குபவர். மூன்றாமவர் பேரங்காடிகளுக்கும் சிறு கடைகளுக்கும் பொருள் வழங்கும் மொத்த வணிகர். நான்காமவர் வெளிநாட்டு இறக்குமதியாளர்.

இந்நால்வரும் ஒரே தூளைப் பற்றி நான்கு வகையான கேள்விகளைக் கேட்பார்கள். வீட்டில் சமைப்பவர் ‘மணம் எப்படி, காரம் எவ்வளவு’ என்பார். சமையற்கூடத் தலைவர் ‘ஒரு கிலோவில் எத்தனை பேருக்குச் சமைக்கலாம், ஒவ்வொரு முறையும் நிறமும் சுவையும் மாறாமல் இருக்குமா, வாரம் இருமுறை கொண்டுவந்து தருவீர்களா’ என்பார். மொத்த வணிகர் ‘எவ்வளவு கழிவு, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா’ என்பார். இறக்குமதியாளர் ‘குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும், எந்தெந்தச் சான்றிதழ் இருக்கிறது, எங்கள் நாட்டு விதிப்படி உறையில் விவரம் அச்சிட்டுத் தருவீர்களா’ என்பார்.

மகள் இன்று இவற்றுள் எந்த வரிசைக் கேள்விகளுக்கு விடை சொல்ல இயலும்? அந்த வரிசைக்குரியவரே அவர் தேடவேண்டிய கேட்பவர். சிங்கப்பூரில் சில்லறைக் கடைக்கு உரிய அனுமதி வேறு. பிற கடைகளுக்கு வழங்குவதற்காக உணவுப் பொருளை உற்பத்தி செய்யும் கூடத்துக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு தரும் உரிமம் வேறு. இரண்டாவது உரிமமும் அதற்கேற்ற இயந்திரமும் இல்லாத நிலையில் வெளிநாட்டு இறக்குமதியாளரைத் தேடிச் செல்வது, விதைக்கும் முன்பே அறுவடைக்கு ஆள் பிடிப்பது போன்றது. உரிமம் பெற்று, முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழும் பெற்றுவிட்டால், நிலைமை மாறும். கோலாலம்பூரில் 2004 முதல் நடைபெறும் ‘மிஹாஸ்’ ஹலால் கண்காட்சி போன்றவை அப்போது பொருளுடைய தேர்வுகளாகும்.

கொடியைப் படிக்கும் முறை

மகள் இரண்டாமவரை, அதாவது உணவகங்களுக்காக வாங்குவோரை, தேர்கிறார் என்று கொள்வோம். சிங்கப்பூரில் 1978இல் தொடங்கிய ‘ஃபுட் அண்ட் ஹோட்டல் ஏஷியா’ உள்ளிட்ட உணவுத்துறைக் கண்காட்சிகள் அவர் கண்முன் வருகின்றன. பெயர் பொருத்தமாக இருப்பதாலேயே பணம் கட்டிவிடக் கூடாது. பின்வருவனவற்றை அவர் ஆராய வேண்டும்.

முதலாவது, யார் உள்ளே வரலாம் என்ற விதி. தொழில்துறையினர் மட்டும் பதிவு செய்து வரலாமா, பொதுமக்களும் வரலாமா என்பது அமைப்பாளர் வெளியிடும் குறிப்பிலேயே இருக்கும். இதுவே முதற்கொடி.

இரண்டாவது, கடை போட்டோர் பட்டியல். சென்ற முறை நடந்ததன் பட்டியலையும் அதற்கு முந்தியதன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மையொத்த அளவுள்ள சிறு நிறுவனங்கள் மீண்டும் வந்திருக்கின்றனவா? பெருநிறுவனங்கள் தம் பெயரை நிலைநாட்டவும் வருவதுண்டு. சிறியவர் பயன் இல்லாத இடத்துக்கு இருமுறை பணம் கட்டமாட்டார். எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சான்று இதுவே.

மூன்றாவது, வருகையாளர் எண்ணிக்கையின் நம்பகம். 1925இல் இத்தாலியின் மிலான் நகரில் 20 ஐரோப்பியக் கண்காட்சிகள் கூடி அமைத்த ‘யூஎஃப்ஐ’ எனும் உலகச் சங்கம், தன் ஒப்புதலைப் பெறும் கண்காட்சிகளின் எண்ணிக்கைகள் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று கோருகிறது. தணிக்கை செய்யப்பட்ட எண்ணைக் கேட்டுப் பெறுவது வணிகரின் உரிமை. நாடு, துறை, பதவி என்ற பிரிவுகளின்படி அவ்வெண் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நேரில் காணுதல். கடை போடுவதற்கு முன் ஒருமுறை வருகையாளராகச் செல்வதே சிக்கனமான ஆய்வு. வணிகக் கண்காட்சிகளில் ஒவ்வொருவரும் பெயரும் நிறுவனமும் எழுதிய அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள். நம் பொருளை ஒத்த பொருள்கள் வைத்திருக்கும் வரிசையில் ஓர் ஓரமாக நின்று, கடந்து செல்லும் 50 பேரின் அட்டைகளைக் கவனித்து, அவர்களுள் எத்தனை பேர் நாம் தேடுபவர் என்று எண்ணலாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கடைசி நாளில் ஒருமுறை எண்ணினால், எந்த விளம்பர ஏடும் சொல்லாத செய்தி கிடைக்கும்.

ஐந்தாவது, எங்கே நிற்கப்போகிறோம் என்பது. பன்னாட்டுக் கண்காட்சிகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அரங்கம் இருப்பதுண்டு. நம் மசாலைக் கடையினர் இந்தியப் பொருள்கள் நிறைந்த பகுதியில் நின்றால், மசாலை தேடிவருவோர் தாமாகவே வருவர்; ஆனால் பக்கத்துக் கடைகளிலும் மசாலையே இருக்கும். விளைநிலத்துக்கு அருகிலிருந்து வருபவரோடு விலையில் போட்டியிடுவது சிங்கப்பூர் வணிகருக்கு எளிதன்று. சிங்கப்பூர் அரங்கில் நின்றால் வருவோர் குறையலாம். ஆனால் மசாலைக்காக நின்று கேட்பவரிடம் தரக்கட்டுப்பாட்டையும் சிறு அளவில் விரைந்து வழங்கும் திறனையும் முன்வைத்துப் பேச இயலும். எது நம் வலிமை என்பதைப் பொறுத்தே இடத்தைத் தேர வேண்டும்.

ஆறாவது, நாட்காட்டி. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடைபெறும் ‘அனுகா’ உலகின் பெரிய உணவுக் கண்காட்சிகளுள் ஒன்று. அது வருவது அக்டோபர் மாதத்தில். லிட்டில் இந்தியாவில் தீபாவளி வணிகம் சூடுபிடிக்கும் காலமும் அதுவே. இருவர் மட்டுமே உழைக்கும் கடையில் ஒருவர் அப்போது ஐரோப்பா சென்றால், ஆண்டின் சிறந்த வாரங்களை இழக்க நேரும். துபாயின் ‘கல்ஃபுட்’ ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறுவதால் அந்த மோதல் இல்லை. தெற்காசிய உணவை நாள்தோறும் உண்ணும் பெருந்தொகை மக்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பதும் சேர்ந்து அதைப் பொருத்தமாக்குகிறது.

கூட்டமா, விகிதமா?

பெருங்கூட்டம் வரும் கண்காட்சியே நல்ல கண்காட்சி என்பது பரவலான நம்பிக்கை. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். இதில் வரும் தொகைகள் யாவும் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நாமே எடுத்துக்கொண்டவை.

9 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு கடைக்கு வாடகையும் அமைப்புச் செலவும் 6,500 வெள்ளி. மாதிரிப் பொட்டலங்கள், அச்சு வேலை, சுவைத்துப் பார்க்கச் சமைத்துத் தரும் ஏற்பாடு 1,500 வெள்ளி. இருவரின் ஊதியம் 1,000 வெள்ளி. கண்காட்சி முடிந்தபின் மாதிரி அனுப்பவும் நேரில் சென்று பார்க்கவும் 1,000 வெள்ளி. ஆக மொத்தம் 10,000 வெள்ளி.

கண்காட்சி மூன்று நாள், நாளுக்கு 8 மணி நேரம். இருவர் நின்றால் 48 மணி நேர உழைப்பு. ஒருவர் ஒரு மணி நேரத்தில் மூன்று பேரிடம் உருப்படியாகப் பேச முடியும் என்றால், மொத்தம் 144 உரையாடல்கள். மண்டபத்துக்கு 5,000 பேர் வந்தாலும் 50,000 பேர் வந்தாலும் இந்த 144 கூடப்போவதில்லை. இரண்டு வாய்கள் அதற்குமேல் பேச முடியாது.

அந்த 144 பேரில் ஆறில் ஒருவர் நாம் தேடுபவர் என்றால், பயனுள்ள உரையாடல்கள் 24. ஒன்றின் விலை ஏறத்தாழ 417 வெள்ளி. ஆறில் இருவர் என்றால் 48. ஒன்றின் விலை 208 வெள்ளி. எட்டுப் பயனுள்ள உரையாடல்களுக்கு ஒரு நிலையான வாடிக்கையாளர் கிடைப்பதாகவும், அவ்வுணவகம் மாதம் 40 கிலோ வாங்குவதாகவும், கிலோவுக்கு 3 வெள்ளி மிஞ்சுவதாகவும் கொள்வோம். முதல் நிலையில் மூன்று வாடிக்கையாளர்கள் மூலம் மாதம் 360 வெள்ளி வரும். போட்ட பணத்தை எடுக்க 28 மாதங்கள் ஆகும். இரண்டாம் நிலையில் ஆறு வாடிக்கையாளர்கள். 14 மாதங்களில் பணம் திரும்பும்.

ஆகவே சிறு வணிகருக்கு வேண்டியது பெருங்கூட்டம் அன்று. கூட்டத்தில் தமக்குரியவர் இருக்கும் விகிதம். ஆயிரம் பேர் மட்டுமே வரும் ஒரு சிறிய, குறுகிய துறைக் கண்காட்சி, ஐம்பதாயிரம் பேர் வரும் பெருங்கண்காட்சியைவிட அவருக்குச் சிறந்ததாக அமையலாம்.

இக்கணக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. ஒரு பயனுள்ள உரையாடலுக்கு 417 வெள்ளி செலவாகுமானால், ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சையது ஆல்வி சாலையிலும் உள்ள உணவகங்களுக்கு நேரில் நடந்து சென்று பேசுவது அதைவிட மலிவன்றோ? வாங்குவோர் அருகிலேயே, நாம் அறிந்த தெருக்களிலேயே இருந்தால் கண்காட்சி தேவையில்லை. அவர்கள் சிதறியிருக்கிறார்கள், யாரென்றே நமக்குத் தெரியாது, அல்லது கடல் கடந்து இருக்கிறார்கள் என்னும்போதே கண்காட்சி தன் விலைக்குத் தகுதியாகிறது. போகாமல் இருப்பதும் ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்கலாம்.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

தனியாகச் செல்ல இயலாதவர் கூட்டாகச் செல்லலாம். 1924இல் இந்திய வணிகர் சங்கமாகத் தொடங்கி வளர்ந்த சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையும், லிஷா எனச் சுருக்கமாக வழங்கும் லிட்டில் இந்தியா வர்த்தகர்கள், மரபுடைமைச் சங்கமும் வணிகர் ஒருவரையொருவர் கண்டு கேட்டறியும் இடங்கள். முன்பு சென்றுவந்தவரிடம் ‘எத்தனை அட்டைகள் கிடைத்தன’ என்று கேட்பதைவிட, ‘ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் இன்னும் வாங்குகிறார்கள்’ என்று கேட்பதே பயன் தரும்.

வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குச் செல்லும் உள்ளூர் நிறுவனங்களுக்குச் செலவின் ஒரு பகுதியை ஏற்கும் உதவித் திட்டங்களை, 2018இல் அமைந்த எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் நடத்துகிறது. பணத்தைச் செலுத்தி இடத்தை உறுதி செய்தபின் விண்ணப்பித்தால் வாய்ப்பை இழக்க நேரிடலாம்; முதலில் விண்ணப்பம், பின்னர் ஒப்பந்தம் என்ற வரிசையை மறக்கலாகாது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு கண்காட்சியைத் தேர்வதும் தவறு. பாதிச் செலவை வேறொருவர் ஏற்றாலும் தவறான மண்டபம் தவறானதே.

சுங்கத்திலும் கவனம் வேண்டும். காட்சிக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும் இயந்திரம், கருவி போன்றவற்றுக்கு ‘ஏடிஏ கார்னே’ என்னும் ஆவணம் உண்டு; அதைக் கொண்டு பல நாடுகளில் தீர்வை கட்டாமல் தற்காலிகமாகப் பொருளைக் கொண்டுசெல்லலாம். ஆனால் சுவைத்துப் பார்க்கக் கொடுத்துத் தீர்ந்துபோகும் மசாலைத் தூளுக்கு அது பொருந்தாது. அதற்கு அந்நாட்டின் இறக்குமதி விதிகளையே பின்பற்ற வேண்டும்.

திரும்பிய பின் வரும் முதல் வாரமே கண்காட்சியின் உண்மையான நான்காம் நாள். வாங்கி வந்த பெயர் அட்டைகளின் பின்புறம் அன்றன்றே ஒரு வரி எழுதிவைத்திருக்க வேண்டும்: என்ன கேட்டார், என்ன சொன்னோம், எப்போது அனுப்புவதாகச் சொன்னோம். சொன்ன நாளில் மாதிரி போய்ச் சேராவிட்டால், மூன்று நாள் நின்று கொடுத்த வாக்குறுதியை நாமே முதலில் மீறியவர் ஆவோம்.

வகுப்பறையில் இதற்கென்ன இடம்?

மொழிக்கான உரைவரிசையில் வணிகம் ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். கண்காட்சியில் செலவாகும் பணம் முழுவதும் சில நிமிடப் பேச்சுக்காகவே செலவாகிறது. அந்தப் பேச்சு எதிரே நிற்பவருக்கேற்ப மாற வேண்டும். ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்ற சொற்கள் கேம்பல் லேனில் ஒருவரை நிறுத்தும்; ஹோட்டலுக்காக வாங்குபவரிடம் அதே சொற்கள், ‘ஒவ்வொரு முறையும் சுவை மாறுமோ’ என்ற ஐயத்தை எழுப்பும். கேட்போரறிந்து பேசுதல் என்று நாம் இலக்கிய வகுப்பில் கற்பிப்பது, வணிகத்தில் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கிறது.

ஆசிரியர்கள் இதை ஒரு பயிற்சியாக்கலாம். லிட்டில் இந்தியாவில் தாம் அறிந்த ஒரு பொருளை மாணவர்கள் தேர்ந்துகொள்ளட்டும்: மாலையோ, முறுக்கோ, பித்தளை விளக்கோ. அப்பொருளை வாங்கக்கூடிய நால்வகையினரைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் மூன்றே வாக்கியங்களில் தமிழில் அறிமுக உரை எழுதட்டும்: இது என்ன, உங்களுக்கு இதனால் என்ன பயன், உங்களிடம் நான் கேட்பது என்ன. நான்கு உரைகளும் ஒன்றுபோலவே இருந்தால், கேட்பவரைப் பற்றி மாணவர் இன்னும் சிந்திக்கவில்லை என்று பொருள். நான்கும் வேறுபட்டால், அவற்றுள் எது தம்மால் இன்று நேர்மையாகச் சொல்லத்தக்கது என்று அடுத்துக் கேட்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பயிலும்போதே சிறு வணிகம் தொடங்கும் இளையருக்கு இது பாடமாக மட்டும் நில்லாது.

நம் மசாலைக் கடைக்குத் திரும்புவோம். மகள் இவ்வாண்டு எந்தக் கண்காட்சியிலும் கடை போடாமல், எக்ஸ்போவுக்கு ஒருநாள் வருகையாளராக மட்டும் சென்று, 50 அட்டைகளை எண்ணித் திரும்பலாம். திரும்பிவந்து உற்பத்திக்கூட உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டு சரியான வரிசையில், சரியான மூன்று வாக்கியங்களோடு நிற்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து எக்ஸ்போவுக்கு ரயில் மாற வேண்டியதில்லை. ஆனால் ரயில் ஏறும் முன், அங்கே யாரிடம் பேசப்போகிறோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.